ஹார்லனுக்கு ஆயுள் தடை

வெர்னா பித்தளை அளவுக்குழலில் துப்பாக்கிக் கருமருந்தை நிரப்பி, மேலே குவிந்ததை விரலால் வழித்துவிட்டாள்.

ரிவால்வர் உருளையின் முதல் அறைக்குள் அதைக் கொட்டினாள். பிறகு மடியிலிருந்த காப்பி டப்பாவைத் திறந்து, சாம்பல் நிறத்தில் எதையோ சின்னக் கரண்டியால் அள்ளினாள்.

பக்கத்து மேஜையில் தன் துப்பாக்கிக்கு மருந்து அளந்துகொண்டிருந்த கிழவர் டெல்மர் நிமிர்ந்து பார்த்தார்.

சுடும் போட்டி என்றால் மருந்தைக் குறைவாகத்தான் போடுவோம். அப்போது ஈயக் குண்டு அறைக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்க மருந்துக்கு மேல் கொஞ்சம் கோதுமை ரவை போடுவது எங்கள் மிசௌரி பக்கத்து வழக்கம்.

“என்ன ரவை அது? கருக்கிட்டியா?” என்றார் டெல்மர்.

“ரவை இல்ல. ஹார்லன்.”

ஹார்லன் அவள் புருஷன். பிப்ரவரியில் இறந்துபோனான்.

வரிசையில் இருந்தவர்கள் கையிலிருந்ததை அப்படியே கீழே வைத்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாத இன்னொருவர் என்ன செய்வதென்று தெரியாமல் காதடைப்பானைக் கழற்றினார்.

டெல்மர் மட்டும் விறுவிறுவென்று என்னிடம் வந்தார். அன்று மைதானத்துக்கு நான்தான் பொறுப்பு.

“ராய்ஸ், அந்த ஆளுக்கு ஆயுள் தடை இருக்கு. உள்ள வரக் கூடாது.”

உண்மைதான். ஹார்லன் மருந்தை அளக்கவே மாட்டான். குடுவையைச் சாய்த்துக் கண்பார்வையில் ஊற்றுவான். ஒருநாள் விசையை ஒரு தரம் இழுத்ததும் எல்லா அறைகளும் சேர்ந்து வெடித்தன. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் நின்ற டெல்மருக்குப் பாதி மீசை போய்விட்டது. மீதிப் பாதியை மழிக்காமல், சாட்சிக்கு வைத்துக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் எழுந்து தடைத் தீர்மானம் கொண்டுவந்தார் டெல்மர்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஹார்லன் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு வெடிக்கும், “மருந்து பத்தல!” என்று கத்துவான். டெல்மர் சுடும்போது இன்னும் சத்தமாக. உடம்பு முடியாமல் போன பிறகு கத்துவதை விட்டுவிட்டு ஹாரன் அடித்தான்.

நான் யோசித்தேன். டப்பாவுக்குள் வருகிறவரைப் பற்றி எங்கள் விதிகளில் ஒன்றும் இல்லை.

“டெல்மர், தடை ஆயுளுக்குத்தானே? அதுதான் முடிஞ்சுபோச்சே.”

டெல்மர் வெர்னாவின் டப்பாவைக் கையால் காட்டினார்.

“அப்ப அளந்து போடச் சொல்லு. குத்துமதிப்பா அள்ளிப் போட விடாத.”

“அளந்துதான் போடுறேன்” என்றாள் வெர்னா. “வீட்டுல இத்தனை வருஷம் ஒரு அளவுக்குள்ள நிக்காத மனுஷன். இன்னிக்காவது கரண்டிக்குள்ள அடங்கட்டும்.”

சொல்லும்போதே கரண்டி டப்பாவின் விளிம்பில் இடித்தது. மேஜைமேல் ஒரு சிட்டிகை ஹார்லன் சிந்தினான். ஊதவும் முடியாமல் துடைக்கவும் முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு குறியட்டையை எடுத்து, அதன் ஓரத்தால் ஒரு துகள் விடாமல் கூட்டிச் சேர்த்து, அவள் கரண்டியில் ஏற்றிவிட்டார்.

“சிந்தாம போடு” என்று அதட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எங்கள் போட்டியில் ஆளுக்கு ஐந்து குண்டு. ஆறாவது அறை பாதுகாப்புக்காகக் காலியாக இருக்க வேண்டும். வெர்னா ஐந்தையும் போட்டு அழுத்தி, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்புகளை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் அதுவரை எந்தப் போட்டியிலும் சுட்டதில்லை.

“சுடலாம்!” என்று கத்தினேன்.

கருமருந்துப் புகை லேசுப்பட்டது அல்ல. முதல் வெடியிலேயே வெள்ளைத் திரை விழுந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் எங்கே குறிவைக்கிறார் என்றே தெரியாது. அன்று அதில் ஹார்லனும் கலந்திருந்தான். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மரியாதைக்காகத்தான் என்று பிறகு பேசிக்கொண்டோம்.

புகை கலைந்ததும் அட்டைகளைப் பார்க்கப் போனோம்.

வெர்னாவின் அட்டையில் ஓரங்களில் கோழி கொத்தியதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து ஓட்டைகள். நடுப்புள்ளியில், அளந்து வைத்ததுபோல், இன்னொன்று.

“பாத்தியா!” என்று குதித்தார் டெல்மர். “அஞ்சு போட வேண்டிய இடத்துல ஆறு! செத்தும் இந்த ஆளுக்கு அளவு தெரியல. ராய்ஸ், மறுபடியும் தடை போடுய்யா!”

வெர்னா நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். பிறகு காப்பி டப்பாவை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அவரேதான்” என்றாள்.

டெல்மர் தடை, தடை என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் அவருடைய அட்டைக்குப் போனேன். எங்கள் சங்கத்தில் அவர் ஒரு குண்டைக்கூடக் கோட்டைவிட்டு யாரும் பார்த்ததில்லை.

அதில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

நான் ஐந்தாவதைத் தேடவில்லை.