ஒரு சிப்பிக்கு இவ்வளவு மெமரியா?

கணினியில் ஓடிக்கொண்டிருந்த வேலை மறுபடியும் செத்துவிட்டது. திரையில் அதே வரி: மெமரி போதவில்லை.

எரிச்சலில் மேசையை ஓங்கித் தட்டினேன். கேட்கக் கேட்கக் கூட்டிக் கொடுத்தாயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அத்தனையையும் விழுங்கிவிட்டு மல்லாந்து கிடக்கிறது சனியன்.

உள்ளங்கை அகல முத்துச்சிப்பிதான். அதன் மரபணுவைத் துண்டு துண்டாகப் படித்து வைத்திருக்கிறோம். துண்டுகளைக் கோத்து முழுசாக்க வேண்டும், அவ்வளவே. சென்னையில் இருக்கும் பெரிய கணினிகளில் எங்கள் ஆய்வகத்துக்குக் கொடுத்த நேரம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

வேறு சிப்பி எடுத்துச் செய்யலாம் என்றால், அது விளைந்த கடலடிப் பாரில் இப்போது உயிரோடு ஒன்றுகூட இல்லை. கடல் சுட்ட சூட்டில் எல்லாம் வாய் பிளந்துவிட்டன.

அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயகணேஷுக்குப் போன் போட்டேன். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள்.

"ஒரு சிப்பிக்கு இவ்ளோ பசி வராது ஸ்டெபிக்கா. வேற எதுவோ கலந்து கெடக்கு, சலிச்சுப் பாருங்க."

சலித்தேன். பாசி இருக்கும், பாக்டீரியா இருக்கும் என்று நினைத்தேன்.

வந்தது மனிதன். ஏகத்துக்கும் மனிதன்.

எந்த மடையன் வேலை இது என்று திட்ட வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாதாவே.

அந்தச் சிப்பியைக் கொண்டுவந்தவன் என் தம்பி ரெக்சன். சங்கு குளிக்கப் போகிறவன். மூடியபடியே கொண்டு வாடா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். குளிக்காரன் புத்தி போகுமா? உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்க்கப் படகிலேயே கத்தியை விட்டுப் பிளந்துவிட்டான். பெருவிரலில் ஆழமான வெட்டு, சிப்பிச் சதையெல்லாம் ரத்தம். நல்லாக் கழுவியாச்சு என்று என்னிடம் சிரித்தான்.

கலந்திருப்பது மனித மரபணு, ஆள் யாரென்றும் தெரியும் என்று ஜெயகணேஷிடம் சொன்னேன்.

"அப்பம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கிருங்கக்கா, வச்சிக்கிடலாம். இல்லன்னா மனுசனோடத இப்பவே அழிச்சிரணும். ரூல்ஸ் அப்படி."

சரி என்று போனை வைத்தேன்.

கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்? அதே மாதத்தில் இன்னொரு நாள் குளிக்கப் போனவன் மேலே வரவில்லை. எங்கள் திரேஸ்புரத்துப் படகெல்லாம் தேடியும் கடல் அவனைத் தரவில்லை. பெட்டிக்குள் அவன் சட்டையை வைத்துத்தான் அடக்கம் செய்தோம்.

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அந்தச் சிப்பியும் இல்லை.

அழி என்று கொடுத்தேன். வேலை ஓடத் தொடங்கியது.

எம்புள்ளயோட ஒரு நகங்கூடக் கெடைக்கலியே என்று அம்மா இன்றைக்கும் அழுகிறாள். கிடைத்தான் அம்மா, நான்தான் அழித்துவிட்டேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?