மூன்றாவது சிவப்பு

"மறுபடியும் சிவப்பு! இறங்குங்க" என்றாள் அவள்.

சோதனைத் தகட்டின் மேல் நின்றிருந்த அவள் கணவன் இறங்கவில்லை. பின்னால் வரிசையில் பத்துப் பேர்.

"பொண்டாட்டியே வாசல்ல நின்னா சுலபமா உள்ள போயிடலாம்னு நெனச்சேன்டா" என்றான் அவர்களிடம். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாறை உடைக்கும் டெட்டனேட்டருக்கு வெடிமருந்து நிரப்புகிற அறை அது. நடக்கிற நடையிலேயே உடம்பில் மின்சாரம் சேரும். அது காலணி வழியே தரைக்கு இறங்கினால் பச்சை விளக்கு. இறங்காமல் தங்கினால் சிவப்பு. அப்புறம் விரல்நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், அறையே மிஞ்சாது. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு என்றால் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றல். இது அவனுக்கு மூன்றாவது.

ஒன்பது வருடத்தில் ஒரு துளி மருந்தைச் சிந்தாதவன். தொழிற்சாலையே 'தங்கக்கை' என்று கூப்பிடும். அந்த அறைதான் அவனுக்கு உயிர்.

"ஒரு நிமிஷம், செருப்பைத் துடைச்சிட்டு வந்துடறேன்."

"மூணாவது தடவைக்கு மறுசோதனை கிடையாது."

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன்!" என்று ஊருக்கே கேட்கும்படி கெஞ்சினான்.

"கடவுளே வந்து நின்னாலும் சிவப்புன்னா சிவப்புதான்."

சும்மாவா அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள்? ஆனால் பதிவேட்டில் அவன் பெயரை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. கட்டின புருஷன் பிழைப்பில் நாமே மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நாள் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

மாலையில், அவன் ஒப்படைத்த காலணி சோதனைக்காக அவள் மேசைக்கு வந்தது. உள்ளட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில், பாத அளவுக்குக் கச்சிதமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள்! மின்சாரம் தரைக்கு இறங்க வழியே இல்லை.

வெளியே சைக்கிளோடு காத்திருந்தவனிடம் அதை நீட்டினாள். "எந்தப் பாவி செஞ்ச வேலைங்க இது?"

"நான்தான்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"பாப்பா 'அப்பா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சதிலேருந்து உள்ள போனாலே கை நடுங்குது. பயமா இருக்குன்னு மாத்தல் கேட்டா பசங்க கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க. நீ தடுத்தா, ஐயோ பாவம்னு விட்டுடுவானுங்க."

"நீங்க கெஞ்சினதுக்கு மனசு இரங்கி நான் உள்ள விட்டிருந்தா?"

"யாரு, நீயா?" என்று வாய்விட்டுச் சிரித்தான் தங்கக்கை.