லோடு டெஸ்ட்

சமதளத்தில் ஜஸ்டினின் காருக்கு ஒரு குறையும் இல்லை. மேம்பாலம் ஏறும்போது மட்டும் பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள், “இறங்கித் தள்ளணுமா சார்?” என்று அன்போடு விசாரித்தார்கள். நாளை விடியற்காலை மாமனார் குடும்பத்தோடு ஏற்காடு போக வேண்டும். மலையில் வண்டி திணறினால் அவர் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

“ஏர் ஃபில்டர் ஃபுல்லா தூசி. புதுசு போட்டுட்டேன்” என்றார் கரையான்சாவடி மெக்கானிக் காலித், சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த ஜஸ்டினிடம்.

“இப்ப ஏறுமா பாய்?”

“லோடு ஏத்திப் பாக்காம எப்டி சார் சொல்றது? மூணு பேர நான் இட்டாறேன்.”

பத்தே நிமிஷத்தில் லோடு வந்தது. காலித்தின் மனைவி, தங்கை, மச்சான்; மச்சான் மடியில் பெரிய பெட்டி. மூவர் மேலும் அத்தர் மணத்தது. எடைக்கு எதற்கு அத்தர் என்று கேட்க ஜஸ்டினுக்குக் கூச்சமாக இருந்தது.

காலித் ஓட்ட, ஆவடி மேம்பாலத்தில் வண்டி ஜம்மென்று ஏறியது. ஜஸ்டினுக்கு உயிர் வந்தது.

“போதும் பாய், திரும்பலாம்.”

“இன்னா சார் அவசரம்? இன்ஜின் நல்லா சூடாவணும்.”

இன்ஜின் சரியாகச் சூடான இடம், கோவில்பதாகையில் சீரியல் விளக்கு போட்ட ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். லோடு மூன்றும் பெட்டியோடு இறங்கி உள்ளே போயின.

“பாய், அப்போ டெஸ்ட்டு?”

“அது காலைலயே முடிஞ்சிது சார். நாலு மூட்ட சிமெண்டு ஏத்திகினு அதே பாலத்துல பாத்துட்டேன். தைரியமா ஏற்காடு போங்க.”

காலித் கார் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, சாப்டலாம். பிரியாணிக்கு அப்புறம் லோடு இன்னும் ஏறும். ரிட்டர்ன்ல அதையும் பாத்துரலாம்.”