நாலு மடங்குக் கோடு

புள்ளியும் கோடுமாய்ப் பேசும் மோர்ஸ் தந்தியில் கோடு என்பது புள்ளியைவிட மூன்று மடங்குதான் நீள வேண்டும். யார் அடித்தாலும் எல்லாருடைய கையும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். இது தேர்வின் விதி. சகாயராணியின் கோடு நாலு மடங்கு நீண்டது. அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வில் ஆறு முறை அவள் தோற்றதற்கு வேறு காரணம் கிடையாது. இன்று ஏழாவது; இதிலும் தோற்றால் அவளுடைய ரேடியோ பறிமுதல்.

"ஏதாவதொரு படகுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புங்கம்மா," என்றார் தேர்வாளர்.

அவள் தன் கணவன் பெலிக்ஸின் படகைக் கூப்பிட்டாள். 'காற்று வருது, கரைக்குத் திரும்பு' என்று துளியும் இழுக்காமல் அடித்தாள். மதிப்பெண் போடும் கணினி நூற்றுக்கு நூறு போட்டது. படகிலிருந்துதான் பதில் இல்லை.

"தொறமுகத்து எச்சரிக்கை மிஷின் அடிக்குதுன்னு நெனச்சிருப்பாக சார். அது தெனமும் காத்து வருதுன்னுதான் சொல்லுது. யாரு காதுல போட்டுக்கிடுதா?"

"பாஸாயிட்டீங்கம்மா, கையை எடுங்க. இன்னொரு தடவை அடிச்சா அதுக்கும் மார்க் உண்டு."

ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கொடி விறைத்துப் படபடத்தது. சகாயராணி அதே செய்தியை, ஒவ்வொரு கோட்டையும் ஆசை தீர இழுத்து, மறுபடி அடித்தாள். மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. உடனே படகு பதில் அடித்தது: 'நீயாடி? வலையை ஏத்தியாச்சு, வாரேன்.'

"பெயில்," என்றார் தேர்வாளர்.

"இருங்க சார், அதையும் அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருதேன்."

இந்த முறை கோடு ஐந்து மடங்கு நீண்டது.