மேயரை எழுப்புங்கள்

"இந்தக் கோழை மட்டும் யாருன்னு தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுடறேன்!"

நகர்மன்றச் செயலர் ஆர்லிஸ் தன் போனை மேயரின் மேஜைமேல் கிட்டத்தட்ட எறிந்தாள்.

மேயர் லாய்ட் நைகார்ட் டோனட்டைக் கடித்தபடியே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊரின் இணையக் குழுவில் வந்திருந்த பதிவைப் படித்தார்.

'மேயர் தூங்குகிறார். ஆம்புலன்ஸ் ஊரைவிட்டுப் போகிறது. செவ்வாய் மாலை நகர்மன்றத்துக்கு வாருங்கள். மேயரை எழுப்புங்கள்! - ஊர்க்கண்.'

கீழே ஒரு படம். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னால், சாத்திய வாசல் கதவு.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"நல்லாவா? இது போன மாசக் கூட்டத்துல எடுத்த படம். அன்னிக்கு ஒரு ஈ, காக்கா வரலை. உறுப்பினருங்களே பனின்னு சாக்குச் சொல்லிட்டாங்க. மேடையில நீங்க, நான், அவ்வளவுதான். எவனோ எட்டிப் பார்த்துப் படம் எடுத்துட்டு ஓடியிருக்கான். உள்ள வந்து உட்கார்ந்திருந்தா ஒரு தலையாவது கணக்குல சேர்ந்திருக்குமே!"

"அதுவும் சரிதான்."

"மளிகைக் கடையில என்னையே கேக்கறாங்க, 'உங்க தூங்குமூஞ்சி எழுந்தாச்சா'ன்னு. உங்களுக்குக் கோபமே வராதா?"

"டோனட் வேணுமா, ஆர்லிஸ்?"

பிர்ச்ஃபோர்டுக்கு இருந்தது ஒரே ஓர் ஆம்புலன்ஸ். அதைப் பக்கத்துப் பெரிய ஊருக்கு மாற்றிவிட மாவட்ட வாரியம் கிளம்பியிருந்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். லாய்ட் நகர்மன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். வாரப் பத்திரிகையில் போட்டார். தேவாலயத்தில், காபி நேரத்தில், எழுந்து நின்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் வரவில்லை. 'ஊருக்கு ஆட்சேபம் இல்லை' என்று வாரியம் குறித்துக்கொண்டது. இறுதி முடிவைச் சொல்ல வாரியத் தலைவரே செவ்வாய்க் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது.

மினசோட்டா ஜனவரியில் சாலையைப் பனி மூடிவிட்டால் அந்த வண்டி எப்படி வந்து சேரும் என்று ஊரே கவலைப்பட்டது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து.

செவ்வாய்க்கிழமை ஆர்லிஸ் வாசல் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாகன நிறுத்தம் நிரம்பி, சாலை ஓரமெல்லாம் டிரக்குகள். உள்ளே நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள். எங்கு பார்த்தாலும் உயர்த்திப் பிடித்த போன்கள்.

பன்றிப் பண்ணைக்காரர் வெர்லின் நேரே மேடைக்கு வந்து, ஓர் அலாரம் கடிகாரத்தை லாய்டின் மேஜைமேல் வைத்தார். "உனக்காகத்தான், லாய்ட். நல்லா சத்தமா அடிக்கும்."

ஹால் சிரித்து அடங்க நேரமாயிற்று. லாய்டும் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். பாதிப்பேர் மேயரைத் திட்டியே அதைத் தீர்த்தார்கள். அப்புறம் வெர்லினின் மனைவி மார்வெல் எழுந்தாள்.

"போன குளிர்காலம் இவரு தொழுவத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. நான் ஊத்தி வெச்ச காபி ஆறுறதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. அந்த வண்டி பெரிய ஊர்லேர்ந்து வரணும்னு இருந்தா, இந்தக் கடிகார ஜோக்கடிக்க இன்னிக்கு இவரு இருந்திருக்க மாட்டாரு." குரல் உடைந்தது. "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலைங்க."

போன்கள் எல்லாம் அசையாமல் மேடையைப் பார்த்தபடி இருந்தன.

மேடையில் உட்கார்ந்திருந்த மாவட்ட வாரியத் தலைவர் அடுத்த நாற்காலியில் இருந்த ஆர்லிஸிடம் குனிந்தார். நவம்பரில் அவருக்குத் தேர்தல்.

"இதெல்லாம் நேரலையா போகுதா?"

"அங்க நிக்கறவங்களைக் கேளுங்க. எத்தனை போன்ல போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது."

தலைவர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். "பிர்ச்ஃபோர்டு மக்களின் உணர்வை மதித்து, இந்தத் திட்டத்தை வாரியம் கைவிடுகிறது."

கூரை அதிர்ந்தது. வெர்லின் மனைவியை அணைத்துக்கொண்டு அழுதார். எல்லாரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். "ஊர்க்கண் இல்லைன்னா நம்ம கதி என்ன ஆயிருக்கும்!" போகிற போக்கில் ஒருவர் மேயரின் தோளைத் தட்டினார். "இனிமேலாவது முழிச்சுக்க, லாய்ட்."

"சரிப்பா. பார்த்துப் போ, வழுக்கும்."

ஹால் காலியானது. லாய்ட் சீட்டியடித்தபடி நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்.

"ஒருத்தராவது உங்களுக்கு நன்றி சொன்னாங்களா?" ஆர்லிஸுக்கு இன்னும் ஆறவில்லை. "ஊரெல்லாம் சொல்லி அலைஞ்சது நீங்க. பேரு அந்த முகமில்லாதவனுக்கு!"

லாய்ட் ஜன்னலைக் காட்டினார். எதிர்ப்புறம், விளக்கடியில், பனி படிந்து நின்றது ஆம்புலன்ஸ். "அது அங்கதானே நிக்குது? அப்புறம் என்ன?"

ஆர்லிஸின் போன் சிணுங்கியது. ஊர்க்கண்.

'மக்கள் வென்றார்கள்! ஆனால் மேயரை நம்பாதீர்கள். அடுத்த மாதம் பள்ளிப் பேருந்து விவகாரம். மறக்காமல் வாருங்கள்.'

கூடவே படம். நிரம்பி வழியும் ஹால், அத்தனை முகங்களும் தெரிந்தன. படத்தின் அடி ஓரத்தில், கிட்டத்தில், ஓர் அலாரம் கடிகாரத்தின் முகம்.

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மேலே தள்ளி, பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். காலி நாற்காலிகள். பின்னால் சாத்திய கதவு.

லாய்ட் இன்னும் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"லாய்ட், அடுத்த தடவை இங்க வந்து நின்னு எடுங்க. மேடையில உட்கார்ந்துக்கிட்டே எடுத்தா, எடுத்தது யாருன்னு தெரிஞ்சுடுது."