வாசலில் விறகு

சிக்ருனின் வாசலில் அன்றும் பிளந்த விறகு அடுக்கியிருந்தது. பனி விழத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். தோட்டத்தில் ஹால்வோர் வியர்க்க வியர்க்க பிர்ச் மரக் கட்டைகளைப் பிளந்துகொண்டிருந்தார்.

“ஹால்வோர், இதை நிறுத்துங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“நினைச்சுட்டுப் போகட்டும்.”

“நான் தனியா இருக்கிறவ. நீங்களும் இப்போ தனி ஆள்.”

“அதனால?”

“உங்ககிட்ட எதையும் வாங்கிக்க எனக்கு மனசு ஒப்பல.”

“என் வீட்டுல கணப்பு அடுப்பு இல்ல, சிக்ருன். உங்க வீட்டுல இருக்கு.”

“அடுப்பே இல்லாதவர் எதுக்குக் கட்டையை வாங்கிப் பிளக்கணும்?”

அவர் கோடரியைத் தரையில் ஊன்றினார். “மனநல டாக்டர் சொன்ன வழி. கோபத்தை உள்ளே வச்சுப் பூட்டாதீங்க, யார் மேலயும் காட்டவும் வேணாம், உடம்புக்கு வேலை கொடுங்கன்னாங்க. இதைச் செஞ்சாதான் தூக்கம் வருது.”

சிக்ருன் தலைகுனிந்தாள். கோடையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அவர் மனைவியைக் குடிபோதையில் காரால் மோதிக் கொன்றவன் அவளுடைய மகன். இப்போது சிறையில் இருக்கிறான்.

“ஒவ்வொரு வெட்டும் என் மகன் மேலதானே?”

“ஆமா, மறைக்க மாட்டேன். ஆனா அதுக்காக நீங்க ஏன் குளிர்ல நடுங்கணும்?”

அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அருகே வந்தாள்.

“தள்ளுங்க. கோடரியைக் கொடுங்க.”

“உங்களுக்கு எதுக்கு?”

“எனக்கும் அவன் மேலதான் கோபம்.”

ஹால்வோர் அடுத்த கட்டையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.