ரயிலில் மறந்த பெட்டி

"மறுபடியும் அதே பெட்டியா, இசோமுரா ஐயா?" நகோயா ரயில் நிலையத்தில் தவறிய பொருள்களைத் திருப்பித் தரும் உரானோ சிரித்தாள். "புல்லட் ரயிலு ஹகாட்டா வரைக்கும் போயிடுச்சு. இந்தத் தடவ முகவரிச் சீட்டே இல்ல. பெட்டியச் சுத்திக் கட்டின ஊதாத் துணியோட முடிச்சப் படத்துல பாத்தே உங்களோடதுன்னு சொல்லி வரவழைச்சேன்!"

"எழுபத்தெட்டு வயசும்மா. மறதி."

"இனிமே மேல்தட்டுல வைக்காதீங்க. மடியிலயே வெச்சுக்கங்க."

இசோமுரா குனிந்து வணங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டதே அவர்தான்.

உள்ளே இருந்தது மனைவி கினுயேயின் அஸ்தி. பிள்ளை குட்டி இல்லை. அவர் கண்ணை மூடினால், வீட்டைக் காலி செய்ய வருகிறவன் அவளைக் குப்பையோடு அள்ளிவிடுவான். ரயிலில் கிடக்கும் அஸ்தியைக் கேட்பாரில்லையென்றால் ஏதோ கோயிலில் சேர்த்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான், இரண்டு முறையும் திரும்பிப் பார்க்காமல் இறங்கியிருந்தார்.

ஒரு ரயில் சீறிக்கொண்டு கடந்தது. முடிச்சைத் தடவினார்.

"ஒன்ன விட்டுட்டு எறங்கவாவது நான் இருக்கேன், கினுயே. என்னைய விட்டுட்டு எறங்க யாரு இருக்கா?"